நேற்றே கிளம்பிவிட்ட மாமி

நம் டிராவல்ஸ் ஆபீசில் புக்கிங் மேஜைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, ரிட்டயராகி வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருந்த என்னைப் பிடித்து, "பேச்சியக்கா, உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது சந்தோஷம். ஆனால் உங்களில் எத்தனை பேருக்குத் தமிழ் படிக்க வரும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. எழுத்துக்கூட்டியாவது படிக்கத் தெரிந்த ஒருத்தர் சத்தமாகப் படியுங்கள். மற்றவர்கள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள். ரீல்ஸ் எங்கேயும் ஓடிப் போகாது.

வண்டியைத் தயார் பண்ணுவது பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆயில், பிரேக், டயரில் காற்று, ஸ்டெப்னி எல்லாம் டிரைவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். மும்பையில் இந்தச் செம்பூரிலிருந்து பாலக்காட்டுக்கோ திருநெல்வேலிக்கோ போகிற வண்டியைத் தயார் பண்ண ஒரு காலைப்பொழுது போதும். ஏறுகிற ஆட்களைத் தயார் பண்ணுவதுதான் உயிரை எடுக்கும். அதுதான் உங்கள் வேலை. அப்படி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். போனை எடுத்து, தேதியைக் கேட்டு, வண்டியை அனுப்பினால் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வந்திருப்பீர்கள்.

நாலு பேர், ரெண்டு பேக் என்பார்கள். வண்டி போய் நின்றால் மாடியிலிருந்து குடித்தனமே இறங்கி வரும். வழியெல்லாம் ஹோட்டல் இருக்கிற ரோட்டில் போவதற்கு ஏதோ பாலைவனத்துக்குப் போகிற மாதிரி புளியோதரை, தயிர்சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, ஒரு வாளி முறுக்கு. முன்சீட்டில் யார் என்று கீழே நின்று ஒரு சண்டை. எனக்கு வாந்தி வரும், எனக்கும் வாந்தி வரும் என்று ஆளாளுக்குக் கை தூக்குவார்கள். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒரே ஒரு சொல். "ஆச்சு."

எடுத்து வச்சாச்சு, பூட்டியாச்சு, ஏத்தியாச்சு, கிளம்பியாச்சு. கேட்கக் காதுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். யார் எடுத்து வைத்தார்கள், எங்கே வைத்தார்கள், யார் ஏற்றினார்கள் என்று அதில் எதுவுமே இருக்காது. வேலை தானாக நடந்து முடிந்துவிட்ட மாதிரி ஒரு பேச்சு. இந்த ஒரு சொல்லை நம்பி ஒரு பெண்ணின் உயிரோடு விளையாடப் பார்த்தோம். அதைத்தான் எழுதுகிறேன். என்னுடைய மற்ற அனுபவமெல்லாம் உங்களுக்குத் தேவையில்லை.

செம்பூர் காலனி ஒன்றில் மூன்றாம் மாடியில் இருந்தவர் விசாலம் மாமி. பாலக்காட்டுக்காரர். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். மாமியும் மகள் வித்யாவும் மட்டும்தான். வித்யாவுக்கு முப்பது வயது இருக்கும். வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பயணத்துக்கு முந்தின வருஷம் அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. மாமி தன்னுடையதில் ஒன்றை எடுத்துக் கொடுத்துத்தான் மகளைப் பிழைக்க வைத்தார்.

அது நல்லபடியாக ஆனால் பாலக்காட்டில் குலதெய்வத்துக்கு வந்து பூஜை செய்கிறேன் என்று மாமி வேண்டிக்கொண்டிருந்தார். ரயிலில் போக முடியாது. கூட்டத்தில் யாராவது இருமினால்கூட வித்யாவுக்கு ஆபத்து. அதனால்தான் கார். மாமி என்னைப் பிடித்தார். பிடித்த பிடியை விடவே இல்லை.

"பேச்சி, டிரைவருக்கு ஜலதோஷம் கிலதோஷம் உண்டோ?"

"இல்ல மாமி. காதர் பாய் வாராரு. இங்க பக்கத்துல சீத்தா கேம்ப்காரரு. தும்மிக்கூட நான் பாத்ததில்ல."

"வண்டில இதுக்கு முன்னாடி யாராவது இருமிண்டு போனாளோ?"

"எனக்கு எப்படித் தெரியும் மாமி? வண்டிய முழுக்க ஸ்பிரிட் போட்டுத் துடைக்கச் சொல்லிருக்கேன்."

"சீட்டுக்குப் புது உறை?"

"போட்டிருக்கு."

"அவர் மாஸ்க் போட்டுப்பாரோ?"

"பாலக்காடு வரைக்கும் கழட்ட மாட்டாரு. போதுமா?"

இப்படி ஒரு நாளைக்கு எத்தனை போன் என்று எண்ணி மாளாது. சனிக்கிழமை மத்தியானம் நானும் என் பங்குக்கு ஒரு கேள்வி கேட்டேன். கார் புக் பண்ணுகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

"மாமி, மருந்து மாத்திரை எல்லாம் எடுத்து வச்சாச்சா?"

"அதை முதல்லயே எடுத்து வெச்சாச்சு, கேட்டியா? அதை மறப்பனா நான்?"

பாருங்கள், நான் கேட்டேன். கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த மாத்திரை என்ன என்பது எனக்குத் தெரியும். மாமியே சொல்லியிருந்தார். இன்னொருத்தர் உறுப்பை உடம்புக்குள் வைத்தால், உடம்பு அதை அயலானாக நினைத்து விரட்டப் பார்க்குமாம். விரட்டாமல் அடக்கி வைப்பது அந்த மாத்திரைதான். காலையில் எட்டு மணிக்கு, ராத்திரி எட்டு மணிக்கு. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. தவறினால் மாமி கொடுத்த சிறுநீரகத்தை வித்யாவின் உடம்பே கெடுத்துவிடும். அப்புறம் கொடுப்பதற்கு மாமியிடம் வேறு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் காதர் பாய் கீழே வண்டியோடு நின்றுகொண்டு எனக்குப் போன் பண்ணினார்.

"தங்கச்சி, யாரையும் காணோம். மேல லைட்டு எரியுது. ஹார்ன் அடிச்சா வாட்ச்மேன் சண்டைக்கு வாரான்."

நான் மாமியைக் கூப்பிட்டேன். "மாமி, இன்னும் கிளம்பலியா?"

"நாங்க நேத்திக்கே கிளம்பியாச்சேடி!"

எனக்குச் சுரீரென்றது. "நேத்தே கிளம்பிட்டீங்களா? எதுல? கீழ நம்ம வண்டி நிக்கி மாமி!"

"அது தெரியும். இன்னிக்கு அஷ்டமியாக்கும். அதனால முறைப்படி நேத்திக்கு நல்ல வேளை பாத்துக் கிளம்பியாச்சு."

"அப்போ இப்ப போன்ல பேசுறது யாரு?"

"நான்தான். காப்பி குடிச்சிண்டிருக்கேன். இதோ வந்தாச்சு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு வண்டி கிளம்ப வேண்டியிருந்தது. நேற்றே கிளம்பிவிட்ட ஒருத்தி இன்று வீட்டில் எப்படிக் காப்பி குடிக்க முடியும் என்று ஆராய எனக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. தலையில் அடித்துக்கொண்டு போனை வைத்தேன்.

உங்களுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம். இப்போதே சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் பரஸ்தானம். பயணம் போகிற நாள் சரியில்லை என்றால், முதல் நாளே நல்ல நேரம் பார்த்துப் பயணச் சாமானில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவது. பை வீட்டு வாசலைத் தாண்டிவிட்டதால் அவர்களும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் எந்த நேரத்தில் வேண்டுமானாலும் புறப்பட்டு, போகிற வழியில் அந்தப் பையை எடுத்துக்கொள்ளலாம். திரும்பத் தன் வீட்டுக்குள் மட்டும் கொண்டுவரக் கூடாது. மாமி சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மஞ்சள் துணிப்பையில் அரிசி, மஞ்சள், ஒரு மாற்றுப்புடவை வைத்து எதிர்வீட்டில் கொடுத்திருக்கிறார். முக்கியமான சாமான்தான் முன்னால் போக வேண்டும் என்று வித்யாவின் மருந்து டப்பாவையும், டாக்டர் சீட்டையும் அதிலேயே வைத்திருக்கிறார். மறுநாள் காலைக்கு உண்டான மாத்திரையை மட்டும் வெளியே எடுத்து வைத்துக்கொண்டார்.

எடுத்து வைத்தாகிவிட்டது. எதிர்வீட்டில்!

எதிர்வீட்டில் இருந்தது ஒரு மராத்திக்கார அம்மாள். அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் காக்கூ, அதாவது சித்தி. மாமிக்கும் அவருக்கும் அரைகுறை ஹிந்தியில் பல வருஷச் சிநேகம். "இதைத் திறக்காதே, நாங்க வந்து கேட்கிற வரைக்கும் யாருக்கும் குடுக்காதே" என்று மாமி சொல்லிவைத்திருந்தார். காக்கூ அதைத் தன் பூஜை அலமாரியிலேயே வைத்துவிட்டார்.

சரி, காலையில் ஏன் எடுக்கவில்லை? மாமி கதவைப் பூட்டிக்கொண்டே மகளிடம் கேட்டிருக்கிறார், "வித்யா, பரஸ்தானம் எடுத்துண்டாச்சா?" வித்யாவும் மாடிப்படியில் இறங்கிக்கொண்டே, "எடுத்துண்டாச்சும்மா" என்று சொல்லியிருக்கிறாள். அவள் இந்த ஊரில் பிறந்து இங்கேயே வளர்ந்தவள். பரஸ்தானம் என்ற சொல்லையே அவள் கேட்டதில்லை. பிரசாதம் என்று நினைத்துவிட்டாள். முதல் நாள் கோயிலிலிருந்து கொண்டுவந்த விபூதி குங்குமப் பொட்டலத்தை ஞாபகமாக எடுத்துக்கொண்டு போய்க் காரில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வைத்தாள். பாய்கூட, அதைப் பறந்துவிடாமல் செருகி வைத்தாராம்.

ஆக, மாமி சொன்னதில் பொய் இல்லை. மகள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் மாத்திரை செம்பூரில் இருந்தது, வண்டி தெற்கே போய்க்கொண்டிருந்தது.

புனேக்கு அப்பால் கராட் என்ற ஊரைத் தாண்டி ஒரு ஹோட்டலில் நிறுத்திச் சாப்பிட்டிருக்கிறார்கள். கொண்டுபோன புளியோதரையைத்தான், ஹோட்டல் மேஜையில் வைத்து. சாப்பாட்டுக்குப் பிறகு வேறு ஒரு சின்ன மாத்திரை உண்டாம். மாமி கையை நீட்டி, "அந்தப் பரஸ்தானத்தைக் கொண்டாடி" என்றிருக்கிறார். வித்யா வண்டிக்குப் போய்ப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கையில் வைத்திருக்கிறாள். மாமி பொட்டலத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாய் உடனே எனக்குப் போன் பண்ணினார்.

"தங்கச்சி, மருந்துப்பை வீட்டுலேயே கிடக்குதாம். இந்தம்மா மண்ணுல புரண்டு அழுவுறாங்க. வண்டியத் திருப்பவா?"

பின்னால் மாமியின் குரல் கேட்டது. "திருப்புங்கோ! உடனே திருப்புங்கோ! என் கொழந்தையக் கொன்னுட்டேனே!"

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். "திருப்புங்க பாய்" என்று சொல்ல நாக்கு துடிக்கும். பை செம்பூரில் இருக்கிறது, அதனால் செம்பூருக்கு வா. எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். எனக்கும் வாய்வரை வந்தது. ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை. வார விடுமுறைக்கு லோனாவாலா போன கூட்டம் மொத்தமும் சாயங்காலம் ஒரே ரோட்டில் மும்பைக்குத் திரும்பும். அந்த நெரிசலில் மாட்டிக்கொண்டால் எட்டு மணி என்ன, பத்து மணிக்கும் செம்பூரைப் பார்க்க முடியாது. நடுமலையில் வண்டி நிற்கும்போது மாமி அழுவதைக் கேட்டுக்கொண்டு பாய் என்ன செய்வார்?

"பாய், திருப்பாதீங்க. வண்டிய ஆஃப் பண்ணிட்டு நில்லுங்க. முன்னால பெரிய ஊரு எது?"

"கோலாப்பூர். ரொம்ப தூரமில்ல."

"அங்க பெரிய ஆஸ்பத்திரி இருக்கும்லா? நம்ம பை எங்க இருக்குன்னு பாக்க வேண்டாம். அந்த மாத்திரை எங்க கிடைக்கும்னு பாருங்க. போனை மாமிகிட்ட குடுங்க."

மாமி போனை வாங்கினார். மாத்திரை பெயர் அவருக்கு அத்துப்படி. ஆனால் டாக்டர் சீட்டு இல்லாமல் எந்தக் கடைக்காரனும் தரமாட்டான். சீட்டும் அந்த மஞ்சள் பையில். "அப்போ உங்க ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்க மாமி" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் வந்தது.

"மாமி?"

"அவாகிட்ட சொல்லல, பேச்சி."

"எதைச் சொல்லல?"

"ஊருக்குப் போறதை. சொன்னா வேண்டாம்பா. அங்க இருக்கற நர்ஸ் சிஸ்டர் ரொம்பக் கோவக்காரி. திட்டுவா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை சுவரில் எறிந்திருப்பேன், ஆபீஸ் போன் என்பதால் விட்டேன். "திட்டட்டும் மாமி! நல்லாத் திட்டட்டும்! திட்டு வாங்குனதால யாருக்கும் கிட்னி கெட்டுப்போகாது. மாத்திரை இல்லேன்னாத்தான் கெடும். இப்பமே கூப்பிடுங்க. இல்லேன்னா நம்பரைக் குடுங்க, நான் கூப்பிட்டுத் திட்டு வாங்குதேன்."

மாமி கூப்பிட்டார். திட்டும் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அந்த சிஸ்டர் வீட்டில் இருந்திருக்கிறார். கோலாப்பூரில் தனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி ஒன்று உண்டு, அங்கே சொல்லி மாத்திரை வாங்கித் தருகிறேன் என்றாராம். ஆனால் போன வாரம்தான் டாக்டர் மாத்திரையின் அளவை மாற்றியிருக்கிறார். புது அளவு எழுதிய சீட்டு, மாத்திரை அட்டை இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பினால்தான் முடியும், வாய்வார்த்தையை நம்பி இந்த மாத்திரையைக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம்.

ஆபீஸ் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆட்டோவில் ஓடினேன். மூன்று மாடி ஏறினேன், லிஃப்ட் கிடையாது. மாமி சொன்ன எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். சங்கிலியை மாட்டியபடியே கதவை இடுக்கு அளவு திறந்து காக்கூ எட்டிப் பார்த்தார்.

"காக்கூ, வோ பீலா தைலி தே தோ. பஹுத் அர்ஜண்ட் ஹை" என்றேன். அந்த மஞ்சள் பையைக் கொடுங்கள், ரொம்ப அவசரம். மூச்சு வாங்கியது.

"கிஸீகோ நஹீ தேனேகா, ஐசா போல்கே கயீ ஹை" என்றார் காக்கூ. யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். முடிந்தது பேச்சு.

நான் யார், எங்கிருந்து வருகிறேன் என்றெல்லாம் சொன்னேன். ஆபீஸ் அட்டையைக் காட்டினேன். அசையவில்லை. மாமியை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அதைவிடக் கோளாறான யோசனை எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. போனில் மாமி தலைவிரி கோலமாக, பேச்சே வராமல், "தைலி தேதோ, தைலி தேதோ" என்று விம்முகிறார். அவருக்குப் பின்னால் மாஸ்க் போட்ட, காக்கூ முன்பின் பார்த்திராத ஒரு ஆள் நிற்கிறார். வேறு யார், நம் பாய்தான். வாசலில் வேர்க்க விறுவிறுக்க ஒரு புதுப் பெண்பிள்ளை நின்று பையைக் கேட்கிறாள். காக்கூ தினமும் டிவி பார்க்கிறவர். ஆளைக் கடத்தி, வீடியோவில் அழ வைத்து, வீட்டிலிருக்கிற நகையைப் பறிக்கிற கும்பல் என்று அவர் முடிவே கட்டிவிட்டார்.

"போலீஸ் கோ புலாத்தி ஹூம்!" போலீசைக் கூப்பிடப்போவதாக ஒரு கத்து கத்திக் கதவைச் சாத்தினார். கீழேயிருந்து வாட்ச்மேன் ஏறி வருகிற சத்தம் கேட்டது.

சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் மாத்திரை. நான் இந்தப் பக்கம். நான் அந்தக் கதவில் தலையை முட்டிக்கொண்டு நின்றேன், பொய் சொல்லவில்லை. தாராவியில் எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட்டு வளர்ந்தவள் நான். என்னையே ஒரு கதவு நிறுத்திவிட்டதே என்று அழுகையாக வந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாய் பேசுகிறார், மாமி பேசுகிறார், சிஸ்டர் பேசுகிறார், நான் கத்துகிறேன். மாத்திரை யாருக்கு வேண்டுமோ, அவளிடம் இதுவரை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முப்பது வயதுப் பெண், சின்னப் பிள்ளை மாதிரி ஓரமாக நிற்கிறாள்.

"பாய், மாமிகிட்டேருந்து போனை வாங்கி வித்யாகிட்ட குடுங்க."

"சொல்லுங்க ஆன்ட்டி" என்றாள் வித்யா. குரல் நிதானமாக இருந்தது.

"இந்தக் காக்கூ கதவைத் திறக்க மாட்டேங்கி. என்னையத் திருடிங்கி."

"ஸ்பீக்கர்ல போட்டுக் கதவுகிட்ட பிடிங்கோ. நான் பேசறேன்."

பிடித்தேன். வித்யா மராத்தியில் பேசினாள். அவள் அம்மாவுக்கு அது வராது. அந்தக் கட்டடத்துப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய மராத்தி அது. "காக்கூ, மீ வித்யா. மாஜி கோளி தும்ச்யாகடே ராஹிலி." காக்கூ, நான் வித்யா, என் மாத்திரை உங்க வீட்டுல தங்கிப்போச்சு. அவ்வளவுதான் சொன்னாள்.

உள்ளே சங்கிலி கழன்று விழுகிற சத்தம் கேட்டது. "அரே தேவா!" என்று காக்கூ பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தார். பையை என் கையில் கொடுத்துவிட்டு என்னையே திட்டவும் செய்தார். "தைலி தைலி போல்தீ ஹை! தவாய் ஹை, ஐசா போல்னேகா ந பஹலே!" பை பை என்கிறாய், மருந்து என்று முதலிலேயே சொல்லக் கூடாதா? நான் மருந்து என்று சொன்னேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். காக்கூ இல்லை என்கிறார். வாட்ச்மேனும் இல்லை என்கிறான்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து சீட்டையும் மாத்திரை அட்டையையும் போட்டோ எடுத்தேன். அவசரத்தில் முதல் படம் கலங்கிப் போய்விட்டது. காக்கூ சீட்டை நேராகப் பிடித்துக்கொடுத்தார், மறுபடி எடுத்தேன். மாமிக்கு அனுப்பவில்லை. வித்யாவின் நம்பரை வாங்கி அவளுக்கே அனுப்பினேன். அதற்குப் பிறகு எல்லாப் போனையும் அவள்தான் பேசினாள். சிஸ்டருக்கு அனுப்பினாள். சிஸ்டர் சொன்ன ஆஸ்பத்திரியில் அந்த அளவு மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. அவர்கள் கைகாட்டிய இன்னொரு கடையில் இருந்தது. மாமியை வண்டியில் உட்கார வைத்துவிட்டு அவளே உள்ளே போய், ஊரிலிருந்து திரும்பி வருகிற வரைக்கும் போதுமான மாத்திரையை வாங்கினாள். போகலாமா கூடாதா என்று சிஸ்டரிடம் அவளே நேராகக் கேட்டாள். வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு, கூட்டத்தில் போகாமல் இருந்தால் போகலாம், ஆனால் இனிமேல் சொல்லாமல் போனால் நானே வந்து உதைப்பேன் என்று சிஸ்டர் சொன்னாராம்.

இருட்டுகிற நேரத்துக்குப் பாய் கூப்பிட்டார். நான் காக்கூ வீட்டில்தான் இருந்தேன். அவர் டீ போட்டுக் கொடுத்திருந்தார். அது பாட்டுக்கு ஆறிக்கொண்டிருந்தது.

"மாத்திரை கிடைச்சிட்டு தங்கச்சி. எட்டு மணிக்கு இன்னும் நேரம் கிடக்கு. ஆனா..."

"ஆனா என்ன பாய்?"

"இந்தம்மா திரும்பிப் போகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. அபசகுனமாம். மக பாலக்காட்டுக்குத்தான்னு சொல்லுது. வண்டிய நான் எந்தப் பக்கம் திருப்ப?"

நம் ஆபீஸ் வழக்கம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். புக் பண்ணினவர் யாரோ அவர் சொல்கிறதுதான் கடைசி. புக் பண்ணியது மாமி. வழக்கப்படி நான், "திரும்புங்க பாய்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. "இருங்க பாய், அவங்க பேசி முடிக்கட்டும்" என்றேன். எப்போது பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க நிறையப் பேர் வருவார்கள். எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதையும் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள்.

பாய் போனை அணைக்காமல் அப்படியே வைத்துவிட்டார். வண்டிக்குள் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"வேண்டாம்டி. சொன்னாக் கேளு. ஆத்துக்குப் போயிடலாம். இன்னும் எத்தனை தூரம் இருக்கு. மறுபடியும் ஏதாவது ஆச்சுன்னா?"

"ஒண்ணும் ஆகாதும்மா. மாத்திரை வாங்கியாச்சு. சிஸ்டர் போகலாம்னுட்டா. எனக்குப் போகணும்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. நான் பாத்துப் பாத்து வெச்சே இப்படி ஆயிடுத்து. என் ஒடம்புலேந்து அறுத்துக் குடுத்ததுடி அது. எனக்கில்லாத கவலை உனக்கா?"

வெளியே ஒரு லாரி கடந்து போனது. பிறகு வித்யா பேசினாள். கோபமே இல்லாத குரல்.

"அம்மா, நீ எனக்கு அதக் குடுத்துட்டயா, இல்ல இன்னும் உன்னோடதா? அத மட்டும் சொல்லு."

மாமி அழுதார். ரொம்ப நேரம் அழுதார். போனைக் காதில் வைத்துக்கொண்டு நானும் அழுதேன். தமிழ் ஒரு வார்த்தை தெரியாத காக்கூ என் முகத்தைப் பார்த்து அவரும் அழுதார்.

"குடுத்துட்டேன்டி" என்றார் மாமி கடைசியில். "குடுத்துட்டேன்."

"அப்போ மாத்திரையையும் குடு."

வித்யா கடையிலிருந்து வந்ததுமே மாமி வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்ட மாத்திரைப் பை சரசரத்தது. அதற்குப் பிறகு பாய் என்னிடம் எதையும் கேட்கவில்லை. வண்டியைக் கிளப்பித் தெற்கே விட்டார்.